குங்குமம் கரையும் சாம்பல் நிறம்: வண்ண நிழற்படங்களைக் கறுப்பு வெள்ளையாக்குதல் – ஒரு திறனாய்வு நோக்கு

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரைப் பொருளாகக் கொண்டு அண்மைக் காலத்தில் காட்சிக்கு வைக்கப்பெறும் நிழற்படங்களில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. பத்துமலையில் காவடி சுமப்போர், பிரிக்பீல்ட்ஸில் பூத்தொடுக்கும் மூதாட்டி, கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தீபாவளிக்கு முதல்நாள் கடைவிரிப்போர் எனப் பாடுபொருள்கள் மாறினும் சாம்பல் நிறம் மாறுவதில்லை. இவற்றுள் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் எடுக்கப்பட்டவை அல்ல. இலக்கமுறைக் கேமராவில் வண்ணத்தில் பதிவாகி, பின்னர்க் கணினியிலோ கைப்பேசியிலோ மாற்றப்பட்டவை. இம்மாற்றத்தை 'வண்ணத்தை நீக்குதல்' என்றே பலரும் குறிப்பிடுகின்றனர். இச்சொல்லாட்சி பொருந்துமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் செய்முறையைச் சுருக்கமாகக் காண்போம். கேமராவின் ஒளியுணரி இயல்பில் நிறமறியாதது. ஒளியின் அளவை மட்டுமே அது கணக்கிடும். கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் 1976ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற முறைப்படி, உணரியின் பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை வடிப்பானும், காற்பகுதிக்குச் சிவப்பும், எஞ்சிய காற்பகுதிக்கு நீலமும் பொருத்தப்படுகின்றன. அம்மூவகை அளவுகளிலிருந்தே வண்ணம் கணித்துப் பெறப்படுகிறது. கறுப்பு வெள்ளையாக்கும்பொழுது இம்மூன்றும் ஒரே எண்ணாகச் சுருக்கப்பட வேண்டும். பல மென்பொருள்கள் இன்றும் கையாளும் விகிதம் சிவப்புக்கு 29.9 விழுக்காடு, பச்சைக்கு 58.7 விழுக்காடு, நீலத்திற்கு 11.4 விழுக்காடு என்பதாகும். அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்கு 1953ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட அளவுகோலின் வழிவந்த விகிதம் இது. வண்ண ஒளிபரப்பைப் பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டியிலும் பார்க்க உதவும் பொருட்டு உருவான ஒன்று, இன்று நம் கோயில் திருவிழாக்களின் ஒளியையும் இருளையும் முடிவு செய்கிறது என்பது சிந்திக்கத்தக்கது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மாநிறம் கொண்ட பெண்ணொருத்தியின் நெற்றியில் குங்குமப் பொட்டு உள்ளது எனக் கொள்வோம். படத்தில் அவளுடைய தோலின் அளவுகள் சிவப்பு 110, பச்சை 75, நீலம் 55 எனவும், குங்குமத்தின் அளவுகள் 200, 30, 40 எனவும் வைத்துக்கொள்வோம். மேற்கண்ட விகிதப்படி கணக்கிட்டால் தோல் 83 என்னும் சாம்பல் அளவைப் பெறும், குங்குமம் 82. கண்ணால் பிரித்தறிய இயலாத வேறுபாடு இது. பொட்டு நெற்றியோடு கரைந்துவிடும். அவள் கையிலிருக்கும் வெற்றிலைக்கு 40, 110, 40 எனக் கொண்டால் அதுவும் 81 ஆகிவிடும். நெற்றி, குங்குமம், வெற்றிலை ஆகிய மூன்றும் ஒரே சாம்பல்!

இனி, சிவப்பு அளவை மட்டும் எடுத்துக்கொண்டு மாற்றினால் தோல் 110, பொட்டு 200. முகம் வெளுத்து, குங்குமம் திருநீறு போல வெண்மையாகத் தோன்றும். பச்சையை மட்டும் கொண்டால் தோல் 75, பொட்டு 30. முகம் கறுத்து, பொட்டு அதனினும் கறுத்து நிற்கும். ஒரே பெண், ஒரே நொடி, மூன்று முகங்கள். 2007ஆம் ஆண்டில் வெளிவந்த போட்டோஷாப் பதிப்பிலிருந்து ஒவ்வொரு நிறத்தின் சாம்பல் அளவையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் இயலும் என்பதால், இவற்றுள் எதனையும் எவரும் சில நொடிகளில் பெறலாம். ஆகவே இங்கு நிகழ்வது நீக்கமன்று, மொழிபெயர்ப்பு எனலாம். மொழிபெயர்ப்பாளர் யார், எந்த அகராதியைக் கொண்டு பெயர்த்தார் என்று கேட்கும் உரிமை வாசகனுக்கு உண்டு. மென்பொருளின் இயல்பு விகிதத்தை அப்படியே ஏற்பவரும் ஓர் அகராதியைத் தேர்ந்தவரே.

இவ்வினா தமிழருக்கு ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது? நம் மரபில் நிறம் ஒப்பனை மட்டுமன்று, செய்தியும் ஆகும். தொல்காப்பிய உரியியல் 'குரு', 'கெழு' ஆகிய உரிச்சொற்களுக்கு நிறம் என்னும் பொருளைச் சுட்டுகிறது. அகப்பாடல்களில் தலைவியின் மாமை மாந்தளிரோடு ஒப்பிடப்படுகிறது. பிரிவில் அம்மேனியில் பசலை படர்கிறது. பசலையின் நிறத்தைப் பொன்னோடும் பீர்க்கம்பூவோடும் ஒப்பிட்டுக் காட்டுவர் புலவர். மாமை பசலையாக மாறுவதைக் கண்டே தோழி நிலைமையை உணர்கிறாள். சாம்பல் நிறப் படத்திலோ அம்மாற்றம் சற்றுக் கூடிய வெளிச்சமாக மட்டுமே எஞ்சும். அவ்வாறே பொட்டில்லாத நெற்றியைத் தமிழ் வாசகர் வெறும் நெற்றியாகப் பார்ப்பதில்லை. கைம்மை, துக்கம், வேற்றுச் சமயம் என ஏதேனும் ஒன்றை அதில் அவர் படித்துவிடுவார். தைப்பூசப் பக்தரின் மஞ்சளாடையும் 255, 200, 0 என்னும் அளவில் இருப்பின் 194 ஆகி, நிழலில் உலரும் வெள்ளை வேட்டியாகிவிடும். மென்பொருளின் விகிதம் ஒருத்தியைக் கைம்பெண்ணாக்கலாம் என்றால், அதனைத் தொழில்நுட்பச் சிறு குறையென ஒதுக்கிவிட இயலாது.

தோலின் நிறத்திற்கு மற்றொரு வரலாறும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூரில் இயங்கிய ஜி. ஆர். லேம்பர்ட் நிறுவனம் போன்றவை இப்பகுதி மக்களை 'இன வகை'களாகப் படமெடுத்து விற்றன. தமிழர் அவற்றில் 'கிளிங்' என்னும் தலைப்பில் இடம்பெற்றனர். அக்காலத்துக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியையே மிகுதியாக ஏற்றன. சிவப்பும் மஞ்சளும் அவற்றில் இருண்டு பதிந்தன. ஹெர்மன் வோகல் 1873இல் சாயமேற்றும் முறையைக் கண்டறிந்த பின்னரே இக்குறை படிப்படியாக நீங்கத் தொடங்கியது. சிவப்பையும் உணரும் தகடுகள் 1906ஆம் ஆண்டளவில்தான் வணிக முறையில் விற்பனைக்கு வந்தன. எனவே மாநிற மேனியைத் தகடே உள்ளதைவிடக் கருமையாக்கிக் காட்டியது. அன்று அது வேதியியலின் எல்லை. இன்று பச்சையையும் நீலத்தையும் உயர்த்தி, காவடி எடுப்பவரின் மேனியைக் கருங்கல்லாக்கி, வியர்வைத் துளியை மட்டும் மின்னவிடும் பாணி பரிசுக்குரியதாகப் பாராட்டப்படுகிறது. எல்லை நீங்கிய பின்னரும் அதன் விளைவை விரும்பித் தேடுவதற்கு 'நாடகத்தன்மை' என்னும் பாராட்டுச் சொல் போதிய விடையாகாது.

காலத்தைப் பற்றிய சிக்கலும் உண்டு. பத்துமலையின் 272 படிகளும் 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பல வண்ணம் பூசப்பெற்றன. அதன்பின் எடுக்கப்பெற்ற வண்ணப்படம் எதுவாயினும் படிகளே அதன் காலத்தைச் சொல்லிவிடும். கறுப்பு வெள்ளையில் அவ்வண்ணங்கள் மெல்லிய பட்டைகளாகத் தேய்ந்து, படம் முப்பது ஆண்டு பின்னோக்கி நகர்ந்துவிடுகிறது. 2006இல் திறக்கப்பெற்ற 140 அடி முருகன் சிலை சட்டகத்துள் இருந்தால் மட்டும் ஓரளவு தப்பிக்கலாம். நேற்றைய பக்தர் இவ்வாறு பாட்டனார் காலத்தவராகிவிடுகிறார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் மறைந்து, நகர்ப்புற அடுக்ககங்களில் வாழும் ஒரு சமூகத்தை எப்போதும் கழிந்துபோன ஒன்றாகவே காட்டுவது இரக்கம் போலத் தோன்றினும் நேர்மையானதன்று.

இதனால் வண்ணமே உண்மை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ரகுவீர் சிங் தம் 'ரிவர் ஆஃப் கலர்' என்னும் 1998ஆம் ஆண்டு நூலில், வண்ணம் இந்தியரின் உள்ளார்ந்த பார்வை என்றும், கறுப்பு வெள்ளை மேலை மரபின் மனநிலையைச் சார்ந்தது என்றும் வாதிட்டார். எழுச்சி மிக்க வாதம்தான். ஆயினும் பிரிக்பீல்ட்ஸின் முன் அது தடுமாறுகிறது. செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற இப்பகுதி (செங்கல் என்னும் சொல்லிலேயே செம்மை உள்ளது), 2010ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் மலேசிய, இந்தியப் பிரதமர்களின் முன்னிலையில் 'லிட்டில் இந்தியா'வாகத் தொடக்கி வைக்கப்பெற்றது. துன் சம்பந்தன் சாலையின் வளைவுகளுக்கும் விளக்குக் கம்பங்களுக்கும் பூசப்பெற்ற வண்ணம் அங்கு வாழ்ந்தோர் தேர்ந்த வண்ணமன்று. சுற்றுலாவுக்கென வகுக்கப்பட்ட வண்ணம். 1905ஆம் ஆண்டில் இரயில்வே ஊழியர்க்காகக் கட்டப்பெற்ற நூறு வீடுகள் இடிபட்ட அதே வட்டாரத்தில்தான் இவ்வண்ணங்கள் மேலும் பளிச்சிட்டன. இத்தெருவைக் கறுப்பு வெள்ளையாக்கும் கலைஞர் அரசின் பூச்சைக் கழற்றிவிட்டு நடைபாதையில் அமர்ந்திருப்பவரின் முகத்துக்கு நம் கண்ணைத் திருப்பினால், அது திறனாய்வாகவே அமையும். இங்குக் கறுப்பு வெள்ளை எதையோ வாதிடுகிறது. பத்துமலைப் படங்கள் பலவற்றில் அது பழமையின் வாசனையை மட்டும் தெளிக்கிறது.

எதிர்த்திசையில் சென்ற ஒருவரையும் இங்குக் குறிப்பிட வேண்டும். பினாங்கைச் சேர்ந்த இஸ்மாயில் ஹாஷிம் (1940–2013) கறுப்பு வெள்ளைப் படங்களுக்குத் தம் கையாலேயே வண்ணம் தீட்டினார். நம் வீட்டுக் கூடங்களில் மாலையிட்டுத் தொங்கும் முன்னோர் படங்களிலும் நிழற்படக்கூடத்துத் தூரிகை இவ்வாறே வேலை செய்துள்ளது. பாட்டியின் படத்தில் பொட்டையும் புடவைக் கரையையும் சிவப்பாக்கக் கூடுதல் பணம் கொடுத்தவர்களுக்கு எது கரையக் கூடாது என்பது தெரிந்திருந்தது.

இறுதியாக, நம் துறை சார்ந்த ஒரு செய்தி. வண்ண அச்சின் செலவைத் தவிர்க்க, கள ஆய்வுப் படங்களை ஆய்வேடுகளும் இதழ்களும் கறுப்பு வெள்ளையில் அச்சிடுகின்றன. மாற்றத்தை அச்சகத்துப் பொறியே செய்துவிடுகிறது. கோலம், கரகம், நெற்றிக்குறி, கொடியேற்றத் துணி ஆகியவற்றை விளக்கும் பத்தியின் கீழே, விளக்கப்பட்டதே காணப்படாத படம் அமைகிறது. படக்குறிப்பில் எடுத்த ஆண்டும், மூலம் வண்ணத்தில் இருந்தது என்பதும் இடம்பெற வேண்டும். பொட்டும் தோலும் பிரிந்து தெரியும்வரை ஆய்வாளரே அளவுகளைத் திருத்தித் தருதல் வேண்டும். களத்திற்குச் செல்லும் மாணவர், கேமராவைக் கறுப்பு வெள்ளை முறையில் வைத்து ஜேபெக் கோப்பாகச் சேமித்தால் வண்ணம் அந்நொடியே அழிந்துவிடும் என்பதையும், மூலத்தரவுக் கோப்பில் மட்டுமே அது எஞ்சியிருக்கும் என்பதையும் அறிந்து செல்வது நன்று.