பொக்லைன் கேபினில் 24 டிகிரி

கோடைக்கால வானிலை அறிக்கையில் கரூர் பரமத்தி என்ற பெயர் ஏன் அடிக்கடி முன்வரிசையில் வருகிறது என்பது, அந்தப் பக்கத்துக் கருங்கல் குவாரி ஒன்றின் அடித்தட்டில் மதியம் இரண்டு மணிக்கு நின்றால் தெரியும். நிழலில் வைத்த தெர்மாமீட்டர் 41 டிகிரி காட்டியது. நான் பார்க்கப் போனது நாலு வருஷம் ஓடிய 20 டன் பொக்லைன். ஆபரேட்டர் தம்பி கதவுக் கண்ணாடியை முழுக்கத் திறந்துவிட்டு, தலையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு டிப்பருக்கு லோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏசி ஓடுதுங்ணா. ஆனா கண்ணாடியச் சாத்திட்டு உக்கார முடியலைங்க. கேஸ் ரெண்டு தடவை ஏத்தியாச்சு" என்றார்.

வெக்கையைவிட அந்தத் திறந்த கண்ணாடிதான் என்னைக் கவலைப்பட வைத்தது. கருங்கல் தூசியில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய அந்தத் துகள் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வந்துவிட்டால் குணப்படுத்த மருந்து கிடையாது. கேபின் ஏசி வெளிக்காற்றை ஃபில்டரில் வடிகட்டி உள்ளே தள்ளுகிறது. அதனால் உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றுக் கூடுதலாகவே நிற்கும், இடுக்கு வழியாகத் தூசி நுழையாது. ஏசி சரியாகக் குளிர்ந்தால்தான் ஆபரேட்டர் கண்ணாடியைச் சாத்துவார். குவாரி வண்டியில் ஏசியைச் சொகுசு என்று பேசுகிற முதலாளிகள் ஒரு நாள் அந்த சீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

முதலில் கையில் எடுத்தது ஊசி முனை வைத்த சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர். கண்ணாடியைச் சாத்தி, ஏசியை முழுக் குளிரில் வைத்து, உள்காற்றே சுற்றும்படி மாற்றி, 20 நிமிஷம் கழித்து நடு வென்ட்டில் செருகினேன். 24 டிகிரி. நல்ல நிலையில் இருக்கும் கேபினில், இந்த வெயிலுக்கும், 10 முதல் 12 வரை வந்திருக்க வேண்டும். மொத்த வேலையிலும் அதிகம் உதவியது இந்தக் கருவிதான். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் எத்தனை டிகிரி இறங்கியது என்று எழுதி வைத்தால், ஊகத்துக்கு இடமில்லை.

பெல்ட் இறுக்கமாக இருந்தது, கம்ப்ரசர் கிளட்ச் பிடித்தது. அடுத்து கேபின் பின்பக்க மூடியைத் திறந்தேன். வெளிக்காற்று ஃபில்டர் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. காற்று கம்மியாக வருகிறது என்று யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். குவாரிகளில் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். கழற்றிய அன்று காற்று ஜோராக வரும். ஆனால் கூலிங் காயில் எப்போதும் ஈரமாக இருக்கும் பொருள். வந்த தூசியெல்லாம் அதில் ஒட்டிச் சேறாகிவிடும். சீட்டை முன்னால் தள்ளி, நாலு ஸ்க்ரூ கழற்றிப் பார்த்தபோது காயிலின் ஒரு பாதி சாம்பல் நிறத்தில் பூசி மெழுகியிருந்தது. உள் ஃபில்டரை மாற்ற இவ்வளவு கழற்ற வேண்டியிருப்பது இந்த வண்டியின் பெரிய குறை. தினமும் சுத்தம் செய்ய வேண்டிய பொருளைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

கண்டன்சர் விஷயத்தில் வடிவமைப்பு நன்றாக இருக்கிறது: ரேடியேட்டருக்கு முன்னால் கீல் வைத்து, கதவு மாதிரி திறக்கும். திறந்தபோதுதான் இரண்டுக்கும் நடுவில் இருந்ததைப் பார்த்தேன். எண்ணெய்க் கசிவும் பாறை மாவும் குழைந்து, பிண்ணாக்கு மாதிரி ஒரு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. வெளியிலிருந்து பார்க்கும்போது சுத்தமாகத்தான் தெரிந்தது. காற்று நுழையும் திசைக்கு எதிராக, உள்ளிருந்து வெளியே காற்றடித்தோம். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும் என்பதால் மெதுவாகவே கழுவினோம். காயிலையும் நுரை போட்டுச் சுத்தம் செய்து, இரண்டு ஃபில்டரும் புதிதாகப் போட்டோம். வென்ட்டில் 20 டிகிரி.

இனி கேஜ். குளிர் வாயு R134a. சுத்தம் செய்வதற்கு முன்பு தாழ்வழுத்தப் பக்கத்து நீல கேஜில் 62, உயரழுத்தப் பக்கத்துச் சிவப்பு கேஜில் 370 பிஎஸ்ஐ இருந்தது. சுத்தம் செய்த பிறகும் 55, 325. இரண்டு பக்கமும் கூடுதல். கேஸ் குறைவாக இருந்தால் இரண்டுமே இறங்கித்தான் காட்டும். மறுநாள் விடியற்காலையில், இன்ஜின் ஓடாதபோது, இரண்டு முள்ளும் 97-இல் சேர்ந்து நின்றன. 30 டிகிரியில் R134a அந்த அழுத்தம்தான் காட்டும். உள்ளே 300 கிராம் இருந்தாலும் ஒரு கிலோ இருந்தாலும், திரவம் கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால், அதே 97தான்.

வீட்டு சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். முக்கால்வாசி தீர்ந்த பிறகும் அடுப்பு அதே வேகத்தில் எரியும். எவ்வளவு மிச்சம் என்று தெரிய சிலிண்டரைத் தூக்கிப் பார்க்கிறோம், ஈரத்துணியால் துடைத்துக் கோடு பார்க்கிறோம். ஏசி கேஸும் அப்படித்தான், எடை போட்டால்தான் கணக்கு. கேஜைப் பார்த்து "கொஞ்சம் ஏத்திடலாம்" என்று சொல்கிற மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, தராசு வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள்.

கரூரிலிருந்து நான் வரவழைத்த மெக்கானிக்கிடம் தராசும் கேஸை மீட்டெடுக்கும் மெஷினும் இருந்தன. கேஸை வெளியில் விட்டுவிடக் கூடாது என்று முன்பே கேட்டுக்கொண்டேன். ஒரு கிலோ R134a, நூறு வருஷக் கணக்கில், 1,430 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். சிலிண்டரில் இறங்கியது 1.3 கிலோ. வண்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் சொன்னது 950 கிராம். புற ஊதா விளக்கடித்துப் பார்த்ததில் எங்கும் கசிவில்லை. ஆக, தூசி அடைத்திருந்த வண்டிக்குத்தான் இரண்டு தடவையும் கேஸ் ஏற்றியிருக்கிறார்கள். டிரையரை மாற்றி, முக்கால் மணி நேரம் வேக்குவம் போட்டு, சரியாக 950 கிராம் ஏற்றினோம். மதியம் 42, 270. வென்ட்டில் 15.

இவ்வளவு செய்தும் மூணு நாலு டிகிரி பாக்கி. எல்லாரும் சாப்பிடப் போனபோது நான் சீட்டுக்குப் பின்னால் கையை விட்டு ஹீட்டர் ஹோஸைத் தொட்டேன், சட்டென்று இழுத்துக்கொண்டேன். இன்ஜினின் சுடுதண்ணீர் வரும் ஹோஸ் அது. குளிரில் வைத்தால் வால்வ் மூடி, அதற்கு அப்புறம் உள்ள ஹோஸ் ஆறியிருக்க வேண்டும். வால்வுக்கு முன்னும் பின்னும் ஹோஸ் கொதித்தது. வால்வ் முழுசாக மூடவில்லை, காயில் குளிரவைத்த காற்றை அதே பெட்டிக்குள் இன்னொரு காயில் சூடாக்கிக்கொண்டிருந்தது. கிளாம்ப் போட்டு ஹோஸை நெரித்தோம். பத்து நிமிஷத்தில் 10.5.

பழைய வண்டியை வாங்கப் போகிறவர்கள் இந்த ஹோஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். கரூர் பரமத்தியில் ஹீட்டர் தேவைப்படும் நாளே வராது. புது வால்வ் கிடைக்கும்வரை கிளாம்ப் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாலு நாள் கழித்து ஆபரேட்டர் தம்பியிடமிருந்து போன். "பதினொண்ணு காட்டுதுங்ணா. கண்ணாடிய சாத்திட்டேதானுங்க ஓட்டுறேன்." கதவு ரப்பர் அடிப்பக்கம் கிழிந்திருந்ததே என்று கேட்டேன். சொல்லியிருக்கிறார்களாம், இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் பழைய டியூப்பை வெட்டி, தானே ஒட்டி வைத்திருக்கிறார்.