மடலும் நாட்குறிப்பும்

பாய்க்கப்பல் காலத்துக் கடற்படைத் தலைவர்கள் எழுதிய மடல்களை வரலாற்றாசிரியர் பெரிதும் நம்புவர். நம்புதற்குக் காரணமும் உண்டு. படையொடு கரையிறங்கிப் போரிட்டவன் சூடாறாமல் எழுதியவை அவை. ஆனால், அம்மடல் யாருக்கு எழுதப்பட்டது என்று ஆராய்வார் சிலரே. புதுச்சேரியிலிருந்து பாரிசுக்குச் செல்லும் மடல் பல திங்கள் கடலிற் கிடக்கும். ஒன்று மூழ்கினும் மற்றொன்று சேரட்டும் எனப் படியெடுத்து வெவ்வேறு கப்பல்களில் விடுப்பர். அத்துணை முயன்று விடுக்கும் மடலில் ஒருவன் தன்னையே குற்றஞ்சாட்டிக்கொள்வானா?

1746-இல் நிகழ்ந்த சென்னை முற்றுகையை எடுத்துக்கொள்வோம். மொரீசிலிருந்து கப்பல்களும் படையும் கொண்டுவந்த லபூர்தொன்னே கோட்டையைப் பிடித்தார். 11 இலட்சம் வராகன் மீட்புப் பணம் பெற்று ஊரை ஆங்கிலேயரிடமே ஒப்படைப்பதாக உடன்பட்டார். புதுவை ஆளுநர் டூப்ளே அதனை ஏற்கவில்லை. கடலிற் படை நடத்தும் அதிகாரம் லபூர்தொன்னேக்கு. பிடிபட்ட ஊரில் அதிகாரம் யாருக்கு? இவ்வொரு வினாவைச் சுற்றியே மடல்கள் பறந்தன. அக்டோபர் நடுவில் எழுந்த புயல் கப்பல்களைச் சிதைக்க, லபூர்தொன்னே கடல் கடந்தார். தாய்நாட்டில் அவருக்குக் கிடைத்தது பாஸ்டீல் சிறை. அங்கிருந்தவாறே 1750-இல் தம் தரப்பை அச்சிட்டு வெளியிட்டார். 1751-இல் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று, ஈராண்டில் மறைந்தார். அவருடைய மடல்கள் வழக்கில் வென்றவை. உண்மையிலும் வென்றவையா என்பதே திறனாய்வாளன் கேட்க வேண்டிய வினா.

இதற்கு விடை தேடுவோர்க்குத் தமிழில் ஒரு நூல் உண்டு. 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பே அது. பேச்சு நடை, பிறமொழிக் கலப்பு, முடிவுறாத் தொடர் என்று காரணம் காட்டித் தமிழாசிரியர் சிலர் அதனை வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவிடுகின்றனர். இது பொருந்தாது. அவர்கள் குறையென்று சொல்லும் அந்நடையே அந்நூலின் உயிர். ‘என்றார்’, ‘என்றேன்’ என நீளும் உரையாடலில், மடலில் ஏறாத சினமும் சிரிப்பும் நமக்குக் கேட்கின்றன. வந்திறங்கிய படைத்தலைவர்க்குத் தரப்பட்ட மரியாதை போதாது என்ற மனக்கசப்பு முதலாகப் பிள்ளை காண்கிறார். பிற்காலப் பூசலின் வித்து அக்கசப்பிலேயே இருக்கிறது. அரசுமடல் இத்தகைய சிறுமைகளை எழுதாது.

பிள்ளையும் நடுவர் அல்லர். டூப்ளேயை வரம்பின்றிப் புகழ்பவர். அவர் மனைவியிடம் வெறுப்புக் கொண்டவர். தம் வாணிகத்தின் ஊதியத்தை ஒருநாளும் மறவாதவர். ஆயினும் எந்த அமைச்சர்க்கும் காட்டுவதற்காக அவர் எழுதவில்லை. சாய்வு இருபாலும் உண்டு. சாயும் திசைதான் வேறு. ஆதலின் இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும்.

அவ்வாறு படிப்போர் நாட்கணக்கில் விழிப்பாயிருத்தல் நன்று. கோட்டை வீழ்ந்த நாள் பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21, அன்றைய ஆங்கிலக் கணக்கில் செப்டம்பர் 10, தமிழில் அட்சய ஆண்டுப் புரட்டாசி. இஃது அறியாதார் ஒருவரைப் பொய்யர் என்றே முடிவுகட்டுவர்.

ஆராய்ச்சியாளர் பலர் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்த ஆங்கில மொழிபெயர்ப்போடு நின்றுவிடுகின்றனர். உழைப்புமிக்க பதிப்பு அது, குறை கூறுவதற்கில்லை. ஆனால் தமிழில் ‘அவன்’ என்பதும் ‘அவர்’ என்பதும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகிவிடுகின்றன. யாரை எந்நாளில் எவ்வாறு மதித்தனர் என்னும் செய்தி அங்கே மறைகிறது. அதைக் காட்டவல்லவர் தமிழாசிரியரே.

மார்சிலிங்கில் வளரும் மாணவனுக்குக் கடற்படை என்றால் அண்டையிலுள்ள செம்பவாங்கில் 1938-இல் திறக்கப்பெற்ற தளமே நினைவுக்கு வரும். மலாக்காவில் பிறந்து தமிழும் பயின்ற முன்ஷி அப்துல்லா, இராபிள்சுக்குக் கடிதங்கள் படியெடுத்தவர் என்பதையும் அவனுக்குச் சொல்லலாம். இராபிள்ஸ் திரட்டிய ஏடுகள் 1824-இல் ‘பேம்’ என்னும் கப்பலோடு கடலில் எரிந்தன. பிள்ளையின் ஏடுகளோ 1846-இல் கலுவா மோம்பிரன் கண்ணிற்பட்டுப் படியெடுக்கப்பெற்றன. இடையே சில பகுதிகள் கிடைக்கவில்லை. 1746-ஆம் ஆண்டின் பூசல் கிடைத்துள்ளது.