முன்னுரையும் நாடகமும்: தடுப்பூசி பற்றி பெர்னாட் ஷா

ஒரே எழுத்தாளரின் இரு எழுத்துகள் ஒரே நூலுக்குள் அடுத்தடுத்து அமர்ந்திருந்தும் ஒன்றையொன்று மறுத்து நிற்கும் விந்தை இலக்கியத்தில் உண்டு. பெர்னாட் ஷாவின் ‘மருத்துவரின் தருமசங்கடம்’ என்னும் நாடகமும், அதற்கு அவரே எழுதிய நீண்ட முன்னுரையும் இத்தகையவை. நாடகம் 1906 நவம்பர் 20 அன்று இலண்டன் ராயல் கோர்ட் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. முன்னுரை 1911-இல் நாடகம் நூலாக வந்தபோது சேர்ந்தது. மருத்துவர்களை நம்பலாமா, உடலுக்குள் ஊசி வழியே செலுத்தப்படுவது காக்குமா கொல்லுமா என்பதே இரண்டுக்கும் பொருள். எனினும் நாடகத்தில் பேசும் ஷா ஒருவர். முன்னுரையில் பேசும் ஷா வேறொருவர். இவ்விருவரில் யார் நம் நம்பிக்கைக்கு உரியவர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு வழக்கை இன்று ஏன் கிளற வேண்டும் என வாசகர் கேட்கலாம். கொரோனாத் தொற்றின்போது நம் இல்லங்களிலேயே இவ்வழக்கு மறுபடியும் நடந்தது. நம் நாட்டில் கோவிஷீல்டு என்ற பெயரில் பெருவாரியாகச் செலுத்தப்பட்ட தடுப்பூசி, மிக அரிதாக இரத்தக் கட்டிகளை உண்டாக்கக்கூடும் என்பதை 2021 ஏப்ரலில் ஐரோப்பிய மருந்து ஆணையம் ஏற்றுக்கொண்டது. ‘அப்படியானால் முன்பே ஏன் சொல்லவில்லை?’ என்று சிலர் சினந்தனர். ‘இதைப் பேசினாலே மக்கள் அஞ்சி ஓடுவார்கள்’ என்று வேறு சிலர் வாயை மூடச் சொன்னார்கள். ஒரே குடும்பத்தில் தந்தை ஒரு பக்கமும் மகன் ஒரு பக்கமும் நின்றதை நாம் கண்டோம். ஷாவின் நூலைத் திறந்தால் இவ்விரு குரல்களும் அங்கே முன்னமே ஒலித்துக்கொண்டிருக்கின்றன.

முன்னுரையின் சினத்தைப் புரிந்துகொள்ள அதன் பின்னணியை அறிதல் வேண்டும். இங்கிலாந்தில் 1853-ஆம் ஆண்டுச் சட்டம் பச்சிளங் குழந்தைகளுக்குப் பெரியம்மைத் தடுப்பைக் கட்டாயமாக்கிற்று. 1867-ஆம் ஆண்டுச் சட்டம், மறுக்கும் பெற்றோரை மீண்டும் மீண்டும் தண்டிக்க வழி செய்தது. அபராதம் கட்ட இயலாத ஏழைகளின் தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. சிலர் சிறை சென்றனர். செல்வர்களோ அபராதத்தைக் கட்டிவிட்டு அமைதியாக இருந்தனர். 1885 மார்ச் 23 அன்று லெஸ்டர் நகரில் பல்லாயிரவர் திரண்டு இச்சட்டத்துக்கு எதிராக ஊர்வலம் சென்றனர்.

அவர்களுடைய அச்சம் வெறும் மூடத்தனம் அன்று. அக்காலத்தில் ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து அம்மைப்பாலை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் வைப்பதே பெருவழக்கு. முதற்குழந்தைக்கு மேகநோய் இருந்தால் அடுத்த குழந்தைக்கும் அது தொற்றும் வாய்ப்பு இருந்தது. அவ்வாறு தொற்றியும் இருக்கிறது. மருத்துவ உலகில் பலர் இதனை நெடுங்காலம் ஒப்புக்கொள்ளாமலே இருந்தனர். 1889-இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் ஏழாண்டுகள் விசாரித்து 1896-இல் தன் முடிவைச் சொன்னது. அம்மை குத்துதல் காக்கிறது என்பது ஒரு முடிவு. மறுப்போரை ஓயாமல் தண்டிப்பது நிறுத்தப்பட வேண்டும் என்பது மற்றொன்று. 1898-ஆம் ஆண்டுச் சட்டம், கையிலிருந்து கைக்கு அம்மைப்பால் எடுக்கும் முறையை விலக்கி, கிளிசரின் கலந்த கன்றின் அம்மைப்பாலைக் கொண்டுவந்தது. மனச்சான்றின் காரணமாக மறுப்போருக்கு விலக்கும் அளித்தது. முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்களுக்கு வழங்கிய பெயர், ஆங்கிலச் சட்டத்தில் முதன்முதலாக இடம்பெற்றது இந்த அம்மை வழக்கின் மூலமாகத்தான்.

ஷாவுக்கு இதில் சொந்த வழக்கும் இருந்தது. குழந்தைப் பருவத்தில் அம்மை குத்தப்பட்டிருந்தும் 1881-இல் அவருக்குப் பெரியம்மை கண்டது. பின்னர் இலண்டனின் செயின்ட் பேங்க்ராஸ் பகுதி மன்றத்தில் 1897 முதல் 1903 வரை உறுப்பினராக இருந்தார். 1901-02-இல் நகரில் பெரியம்மை பரவியபோது சுகாதாரக் குழுவில் அமர்ந்து நடந்தவற்றைக் கண்டார். அம்மை குத்தப்பட்டவர்களுக்கு நோய் கண்டால் மருத்துவர்கள் அதனை வேறு பெயரில் பதிவு செய்கிறார்கள் என்று பின்னாளில் குற்றம் சாட்டினார். ஆகவே முன்னுரையின் குரல், வேடிக்கை பார்த்தவனின் குரல் அன்று, பட்டவனின் குரல். அதன் வலிமை அதுவே. அதன் ஊனமும் அதுவே.

இப்போது நாடகத்துக்கு வருவோம். சர் கொலென்சோ ரிட்ஜன் என்னும் மருத்துவர் காசநோய்க்கு ஒரு தடுப்பூசி மருத்துவம் கண்டிருக்கிறார். உண்மை வாழ்வில் இப்பாத்திரத்துக்கு மூலமானவர், ஷாவின் நண்பரும் இலண்டன் புனித மேரி மருத்துவமனை ஆய்வாளருமான சர் ஆல்ம்ரோத் ரைட். இரத்தத்தின் வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்குவதற்கு ஏதுவாக்கும் ‘ஆப்சோனின்’ என்னும் பொருள் பற்றி அவர் ஆராய்ந்துவந்தார். நாடகத்தில் ரிட்ஜனின் கண்டுபிடிப்பு இது: ஆப்சோனின் ஏறுமுகமாக இருக்கும் வேளையில் ஊசி போட்டால் நோயாளி பிழைப்பான், இறங்குமுகமாக இருக்கும் வேளையில் போட்டால் அதே ஊசி அவனைக் கொல்லும். மருந்து ஒன்றே, வேளைதான் வேறு.

முதல் அங்கத்திலேயே ஷா இதன் பொருளை ஒரு முதியவரின் வாயில் வைக்கிறார். சர் பேட்ரிக் கல்லன் என்னும் மூத்த மருத்துவர், தாமும் ஒரு காலத்தில் இத்தகைய ஊசிகளைப் போட்டுப் பார்த்ததாகவும், அவற்றால் சிலர் பிழைத்ததாகவும் சிலர் மாண்டதாகவும், எது நிகழும் என முன்கூட்டி அறிய முடியாததால் கைவிட்டதாகவும் கூறுகிறார். பக்க விளைவு குறித்து இதைவிட நேர்மையான ஒப்புதலை மேடையில் காண்பது அரிது. முதியவர் மருந்தைப் பழிக்கவில்லை. தம் அறியாமையை அளந்து சொல்கிறார். ரிட்ஜன் அதற்கு விடையாகத் தம் அளவுமுறையை வைக்கிறார். அறிவு வளரும் வழியை இவ்விருவரின் உரையாடல் நமக்குக் காட்டிவிடுகிறது.

இவர்களுக்கு எதிரே நிற்பவர் சர் ரால்ஃப் புளூம்ஃபீல்டு பானிங்டன். இனிய குரலும் அரசகுலச் செல்வாக்கும் உடைய இவருக்கு ஏறுமுகம் இறங்குமுகம் பற்றிக் கவலையே இல்லை. ஊசிக் குழல்கள் இடம் மாறி, நச்சுக்காய்ச்சல்காரருக்கு உரியது ஒருவருக்கும் வில்வாதக்காரருக்கு உரியது மற்றவருக்கும் போய்ச் சேர்ந்ததையும், இருவரும் தேறியதையும் ஒரு வெற்றிக் கதையாகவே சொல்லி மகிழ்கிறார். அரங்கம் சிரிக்கிறது. ஆனால் நான்காம் அங்கத்தில், அளந்து பார்க்காமல் அவர் போட்ட ஊசியால் லூயிஸ் டூபடாட் என்னும் ஓவியன் அரங்கிலேயே உயிர்விடும்போது அச்சிரிப்பு நம் தொண்டையில் நிற்கிறது. அதனினும் கொடியது ஒன்று உண்டு. அவ்வோவியனைப் பானிங்டனிடம் ஒப்படைத்தவர் ரிட்ஜன். இன்னும் ஒருவரை மட்டுமே ஏற்க இடமிருந்தபோது, திறமைமிக்க அயோக்கியனான ஓவியனை விடுத்து நேர்மையான ஏழை மருத்துவர் பிளென்கின்சாப்பை அவர் தேர்ந்தார். அத்தேர்வுக்குள் ஓவியனின் மனைவி மீது அவர் கொண்ட ஆசையும் ஒளிந்திருந்தது. எல்லாம் அறிந்தவரே எல்லாரினும் பெரிய குற்றவாளி ஆகிறார். அறியாமை கொல்லும், அறிவும் கொல்லும். ஷா இந்நாடகத்தைத் துன்பியல் என்று அழைத்தது வெறும் குறும்பு அன்று என்பது நம் துணிபு.

முன்னுரையின் போக்கு வேறு. காலை வெட்டுவதால் ஒருவருக்கு வருமானம் கிடைக்குமாயின், வெட்டலாமா என்று அவரிடமே கேட்பது என்ன அறிவுடைமை என்பதே அதன் தொடக்க வாதம். இது கூரியது, இன்றும் செல்லுபடியாவது. அடுத்து ஷா புள்ளிவிவரங்களின் மாயத்தை உரிக்கிறார். உயரத் தொப்பி அணிந்து குடை பிடிப்பவர் நீண்டநாள் வாழ்கின்றனர் என்று எண்களைக் கொண்டு காட்டிவிடலாம். ஆனால் தொப்பியும் குடையும் வாங்க வசதி உள்ளவர் நல்ல உணவும் நல்ல வீடும் உடையவர் என்பதே உண்மைக் காரணம். அதுபோல அம்மை குத்திக்கொண்டவர் நலமாக இருப்பதற்கு அவர்தம் வசதியான வாழ்வே காரணமாகலாம் அல்லவா என்கிறார். ஒரு நூற்றாண்டு கழித்தும் மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாக வைக்கத்தக்க எடுத்துக்காட்டு இது.

ஆனால் அக்குடையைத் தம் தலைக்கு மேலும் பிடித்துப் பார்க்க ஷா மறந்துவிட்டார். பெரியம்மை குறைந்ததற்குச் சுகாதார ஏற்பாடுகளுக்கே பெரும்பங்கை அளிக்கும்போது, அதே ஐயத்தை அவர் எழுப்பவில்லை. சாக்கடையும் நல்ல குடிநீரும் வாந்திபேதியை விரட்டின என்பது மெய். அந்நோய் நீர்வழிப் பரவுவது. பெரியம்மையோ முகத்துக்கு முகம் மூச்சுவழிப் பரவுவது. குழாயடியைத் தூய்மை செய்தால் ஒன்று நிற்கும், மற்றது நிற்காது. எதிரியின் கணக்கைத் தணிக்கை செய்யும் கண், தன் கணக்கின் முன் மூடிக்கொள்கிறது. தமக்கு அம்மை குத்தியும் நோய் வந்ததைச் சான்றாகக் கொள்பவர், பச்சிளம் பருவத்தில் பெற்ற காப்பு ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்வது இயல்பு என்பதற்கும் உரிய எடை தரவில்லை.

முன்னுரையில் சர் பேட்ரிக்கின் இடம் வெறுமையாகக் கிடக்கிறது என்பதே நம் முதன்மைக் குறை. ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்லும் ஒருவர் அங்கே இல்லை. நாடக ஆசிரியன் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதற்குரிய நியாயத்தைக் கொடுத்தாக வேண்டும். இல்லையேல் நாடகம் படுத்துவிடும். அக்கட்டாயம் ஷாவை நேர்மையாளர் ஆக்கிற்று. முன்னுரையில் அக்கட்டாயம் இல்லை. எதிர்த்துப் பேச எவரும் இல்லாத மேடையில் அவரது நாவன்மையே அவரை வீழ்த்திவிட்டது. எதிரிக்கு உருவம் கொடுத்து, அவன் வாயில் வலிய சொற்களை வைத்துப் பார்க்கும் பழக்கம், படைப்பாளிக்கு மட்டுமின்றி வாதிடும் ஒவ்வொருவருக்கும் தேவை எனக் கொள்கிறோம்.

அவர் காலத்திலேயே இதற்கு வேறொரு வழியும் காட்டப்பட்டிருந்தது. ரைட் உருவாக்கிய நச்சுக்காய்ச்சல் தடுப்பூசி போயர் போரின்போது படைவீரர்க்கு விருப்பத்தின் பேரில் போடப்பட்டது. கடும் காய்ச்சலும் கைவலியும் உண்டாகவே பெரும்பாலோர் மறுத்தனர். அப்போரில் 8,000-க்கும் மேற்பட்ட பிரித்தானிய வீரர் நச்சுக்காய்ச்சலால் மாண்டனர். ஊசி பயன் தந்ததா என்ற கேள்வி எழ, புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன் 1904-இல் கணக்குகளை ஆராய்ந்து, அவை போதா என்றார். ரைட் வெகுண்டார். ஆனால் பியர்சன் அத்துடன் நிற்கவில்லை. முன்வரும் வீரர்களின் பெயரைப் பட்டியலிட்டு, ஒருவர்விட்டு ஒருவருக்கு ஊசி போட்டு, இரு சாராரையும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்றும் அறிவுரை கூறினார். ஷாவின் தொப்பி-குடைச் சிக்கலை அவிழ்க்கும் சாவி இதுவே. ஷா ஐயத்தோடு நின்றார். பியர்சன் ஐயத்தைத் தேர்வாக மாற்றினார். சர் பேட்ரிக்கின் உண்மையான வாரிசு அவர்தான். தடுப்பூசி பின்னர்ச் செம்மைப்படுத்தப்பட்டு, முதல் உலகப் போரில் பிரித்தானிய வீரருள் மிகப் பெரும்பாலோர்க்குப் போடப்பட்டது.

பெரியம்மையின் முடிவையும் நாம் அறிவோம். இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977-இல் சோமாலியாவில் காணப்பட்டார். 1980-இல் உலக நலவாழ்வுப் பேரவை அந்நோய் ஒழிந்ததை அறிவித்தது. அதற்கு முன்னரே, 1971-இல் பிரிட்டனும் 1972-இல் அமெரிக்காவும் குழந்தைகளுக்கு வழக்கமாக அம்மை குத்துவதை நிறுத்திவிட்டன. முதன்முறை அம்மை குத்தப்பட்டவருள் 10 இலட்சத்துக்கு ஏறத்தாழ ஒருவர் அதனாலேயே இறந்தார் என அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுக் கணக்கு காட்டிற்று. நோய் ஊருக்குள் இருந்தபோது அது தாங்கக்கூடிய விலை. கண்டவருள் பத்தில் மூவரை மாய்த்த நோய் அது. நோய் அகன்றபின் அதே விலை தாங்கொணாதது. ரிட்ஜனின் மொழியில் சொன்னால், மருந்து ஒன்றே, வேளைதான் வேறு. பக்க விளைவை ஒப்புக்கொண்டவர்களே, எப்போது குத்துவது, எப்போது நிறுத்துவது என்பதையும் அறிந்தவர்கள் ஆயினர்.

முன்னுரையை முற்றிலும் தள்ளுவது நம் கருத்தன்று. மருத்துவர் நோயாளியின் துன்பத்தால் வாழாமல் பொதுமக்களின் ஊதியத்தால் வாழ வேண்டும் என்று அது கேட்டது. 1948 ஜூலையில் பிரிட்டனில் தேசிய நலவாழ்வுப் பணி நடைமுறைக்கு வந்தபோது அவ்வேண்டுகோளின் பெரும்பகுதி நிறைவேறிற்று. அதே சட்டத்தால் அம்மைக் கட்டாயமும் நீங்கிற்று. 1950-இல் மறைந்த ஷா இரண்டையும் கண்டுவிட்டே போனார். அதிகாரம் கைவிலங்கைக் கழற்றிய பின்னும் தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஊசி போட வந்தார்கள், வராதவர்களும் இருந்தார்கள். வந்தவர்களை அழைத்துவந்தது அச்சம் அன்று, நம்பிக்கை.

மனச்சான்று என்னும் சொல் நமக்குப் புதிதன்று. அது அறிவொளி பெற்றதாக இருக்க வேண்டும் என்பதும் நமக்குக் கற்பிக்கப்பட்டதே. அவ்வொளியைத் தர வேண்டியவர்கள் உண்மையை மறைத்தால் மனச்சான்று இருளில் தடுமாறும். உண்மையைப் பெருக்கிக் காட்டி அச்சுறுத்தினாலும் அவ்வாறே. ஷாவின் முன்னுரையைப் படிப்பவர் நாடகத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறோம். முதலாவது, மருத்துவரிடம் கேள்வி கேட்கக் கற்றுத்தரும். இரண்டாவது, அக்கேள்வியை நம்மிடமே திருப்பிக் கேட்கக் கற்றுத்தரும்.