ஓடும்போதே அளந்துவிடும் ஏர் பம்ப்

இரண்டு மாதமாக இந்த சார்ஜ் ஏற்றும் ஏர் பம்ப் என் கார் டிக்கியிலேயே இருக்கிறது. 150 பி.எஸ்.ஐ. வரை அடிக்கும், டிஜிட்டல் திரை, டார்ச் லைட் எல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கிறது, அதை விடுவோம். என்னை வாட்டுவது ஒன்றே ஒன்று. 33 என்று வைத்தால் 33-ல் தானாக நிற்கிறது. டயரில் 31தான் இருக்கிறது.

முதலில் என் பழைய டயல் கேஜைத்தான் சந்தேகப்பட்டேன். 1849-ல் பாரிஸில் யூஜின் போர்டன் காப்புரிமை பெற்ற வளைகுழாய் முறைதான் அதற்குள் இருக்கிறது: அழுத்தம் ஏறினால் குழாய் சற்று நிமிரும், முள் நகரும். பஞ்சர் கடை கேஜும் 31 என்றே காட்டியது. பிறகு, பம்ப் நின்றதும் ஹோஸைக் கழற்றாமல் திரையைப் பார்த்தேன். சில நொடிகளில் அதுவே 33-லிருந்து 31-க்கு இறங்கி நின்றது.

காரணம் எளிது. பம்ப் ஓடும்போது, மெல்லிய ஹோஸ் வழியாகவும் வால்வ் வழியாகவும் காற்றைத் தள்ள, பம்ப் முனையில் கூடுதல் அழுத்தம் வேண்டும். சென்சார் இருப்பது அந்த முனையில். அது காட்டுவது டயரின் அழுத்தமும் வழியில் இழக்கும் அழுத்தமும் சேர்ந்த கணக்கு. காற்றோட்டம் நின்றால்தான் இரு முனையும் சமமாகும். சென்சார் பொய் சொல்லவில்லை. அதைக் கேட்கும் நேரம்தான் தவறு.

நிறுத்து, மூன்று நொடி பொறு, அள, குறைந்தால் மறுபடி அடி. இந்த நான்கு வரியை மென்பொருளில் எழுதினால் தீர்ந்தது. அதைச் செய்யாமல் 33.5 என்று தசமப்புள்ளி காட்டுவதில் என்ன பயன்? காற்று குறைந்த டயர் நெடுஞ்சாலையில் அதிகம் வளைந்து சூடாகும், ஓரங்கள் தேயும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். குடும்பத்தோடு போகிறவர்கள் திரையை நம்பித்தானே கிளம்புகிறார்கள்?

நள்ளிரவில் காற்றிறங்கிய டயரை பங்க் வரை கொண்டுசேர்க்க இந்தப் பம்ப் போதும், அதற்காக வாங்கலாம். அளப்பதற்கு ஒரு டயல் கேஜ் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில், வண்டி ஓடிச் சூடாகும் முன், பம்பை நிறுத்திவிட்டு அளந்து பாருங்கள்.