ஓடுகிற வட்டுக்கு இன்னொரு டிரைவர் எதற்கு?

விண்டோஸை நிறுவி முடித்த கையோடு, மதர்போர்டுக்கென்று தயாரிப்பாளர் வெளியிட்டிருக்கும் டிரைவர்களை ஒன்றுவிடாமல் இறக்கி ஏற்றினால்தான் வேலை பூர்த்தியாகும் என்னும் அபிப்பிராயம், கணினி பூட்டுகிறவர்களிடையே ஒரு சம்பிரதாயமாகவே வேரூன்றிவிட்டது. இன்டெலின் ராபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி போன்ற சேமிப்பக டிரைவர்களும், கட்டாயமில்லை என்று தெரிந்தபின்பும், அந்த வரிசையிலேயே ஏற்றப்படுகின்றன. செய்தவனுக்குத் தெரியாததா என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். அந்த நியாயம் போதாது என்பது என் கட்சி.

அந்த டிரைவருக்கு உரிய ஸ்தானம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. வட்டுகளை ரெய்டு முறையில் இணைத்தவர்களுக்கு அது அவசியம். இன்டெலின் 11ஆம் தலைமுறை முதலாக விஎம்டி என்னும் வட்டு நிர்வாக வசதி இயக்கப்பட்டு வரும் பல கணினிகளில், அந்த டிரைவர் இல்லாவிட்டால் விண்டோஸ் நிறுவும்போது வட்டே கண்ணுக்குத் தென்படாது.

ஆனால், ஒற்றை எஸ்எஸ்டியைச் சாதாரண ஏஎச்சிஐ முறையில் வைத்திருக்கும் பெரும்பாலோர்க்கு அதனால் விளையும் பிரயோஜனம் யாது? ஏஎச்சிஐக்கான டிரைவர் விஸ்டா காலத்திலிருந்தும், என்விஎம்இக்கானது விண்டோஸ் 8.1இலிருந்தும், விண்டோஸுடனேயே வருகின்றன. சாட்டா இணைப்பின் வேகம் நொடிக்கு 6 கிகாபிட். குறியீட்டுச் செலவு போக மிஞ்சுவது 600 மெகாபைட். நல்ல வட்டொன்று விண்டோஸின் டிரைவரைக் கொண்டே 550ஐ எட்டிவிடுகிறபோது, வேறெந்த டிரைவரும் அதன்மேல் சேர்ப்பதற்கு இடம் சொற்பமே. ரெய்டு, விஎம்டி இரண்டிலும் சேராத என்விஎம்இ வட்டையோ இன்டெலின் டிரைவர் தொடுவதே இல்லை. வேகச் சோதனைகளில் தோன்றும் சில புள்ளிகளின் ஏற்றத்தைக் காட்டி வாதிடுகிறவர்கள், ஒரு கோப்பைத் திறக்கையில் அந்த ஏற்றம் உணரப்படுகிறதா என்பதையும் சொல்ல வேண்டும்.

என் பிரதான ஆட்சேபம் வேகத்தைப் பற்றியதன்று. அந்த டிரைவர் அமர்ந்திருக்கும் இடத்தைப் பற்றியது. ஒலிக்கான டிரைவர் பழுதுபட்டால் ஒலி நின்றுபோகும், கணினி நிற்காது. சேமிப்பக டிரைவரோ விண்டோஸ் எழும்போதே ஏறி, வட்டுக்குப் போகும் ஒவ்வொரு பைட்டும் தன் வழியாகவே செல்லும்படி அமர்ந்துவிடுவதால், அது தவறினால் விண்டோஸ் தன் வட்டையே காண இயலாமல் 0x7B என்னும் பிழையுடன் நின்றுவிடும். மேலும், விண்டோஸின் சொந்த டிரைவர் ஒவ்வொரு புதிய பதிப்போடும் சேர்த்துச் சோதிக்கப்படுகிறது. நாம் தனியே ஏற்றியதோ, நாம் மறந்துபோன பின்பும், ஏற்றிய நாளின் பதிப்பாகவே கிடக்கிறது. இது வெறும் அச்சமன்று. ராபிட் ஸ்டோரேஜின் 15.1.0.1002 முதல் 15.5.2.1053 வரையிலான பதிப்புகள் இருந்த கணினிகளுக்கு, 2019இல் விண்டோஸ் 10இன் புதிய பதிப்பையே மைக்ரோசாப்ட் நிறுத்திவைத்தது. டிரைவரைப் புதுப்பித்த பின்னரே தடை நீங்கியது. வேகம் கருதி ஏற்றப்பட்ட பொருள், பாதுகாப்புத் திருத்தங்களோடு வரும் ஒரு பதிப்பையே வாசலில் நிறுத்திவிடுமாயின், அதை இலாபம் என்று எவ்வாறு சொல்வது?

வட்டின் ஆரோக்கியத்தை ராபிட் ஸ்டோரேஜ் மென்பொருள் அறிவிக்கிறதே என்பார் உளர். வட்டுத் தயாரிப்பாளரின் கருவிகளும், ஸ்மார்ட் விவரங்களைப் படித்துக் காட்டும் இலவசக் கருவிகளும், டிரைவரை மாற்றாமலேயே அதைச் செய்துவிடுகின்றன.

ஆகையால், வாசகர் முதலில் பயாஸைத் திறந்து பார்க்கட்டும். ரெய்டோ விஎம்டியோ இயக்கத்தில் இருந்தால், டிரைவரை நிறுவி, காலந்தவறாமல் புதுப்பித்துவர வேண்டும். இரண்டும் இல்லையேல், அதை ஏற்றவே வேண்டாம். அந்த நேரத்தில் முக்கியமான கோப்புகளுக்கு வேறொரு வட்டில் ஒரு பிரதி எடுத்துவையுங்கள்.