கைக்குத் தெரிந்த மண்

வாங் லுங்கின் கல்யாண நாள் வெந்நீரில் தொடங்குகிறது. கிழட்டு அப்பனுக்குத் தினமும் விடிந்ததும் ஒரு கிண்ணம் வெந்நீர் கொடுப்பது வழக்கம். அன்றைக்கு மகன் அதில் கொஞ்சம் தேயிலையைப் போட்டுவிடுகிறான். கிழவன் பதறுகிறான், இப்படி வாரி இறைத்தால் குடும்பம் தாங்குமா? மகன் அதோடு நிற்கவில்லை. அடுப்பில் தண்ணீர் காயவைத்து உடம்பு முழுக்கக் கழுவிக்கொள்கிறான். தண்ணீரும் வீண், விறகும் வீண். இதற்கெல்லாம் முன்னால் இன்னொன்று நடக்கிறது. படுக்கையிலிருந்து எழுந்தவுடன் ஜன்னலில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்து, ஓட்டை வழியாகக் கையை வெளியே நீட்டுகிறான். காற்றில் ஈரம் இருக்கிறது. மழை வரும், கோதுமை பிழைக்கும்.

பேர்ல் எஸ். பக் 1931-இல் வெளியிட்ட ‘தி குட் எர்த்’ நாவலின் முதல் பக்கங்கள் இவை. ‘ஏழை விவசாயி’ என்று ஒரு இடத்திலும் அறிமுகம் செய்யாமல், தேயிலைக்கும் விறகுக்கும் போடுகிற கணக்கிலேயே குடும்பத்தின் நிலையைச் சொல்லிவிடுகிறார். வானத்தைக் கண்ணால் பார்க்காமல் கையை நீட்டிப் பார்க்கிற மனிதனின் கதை என்பதும் அங்கேயே தெரிந்துவிடுகிறது. என் வாசிப்பில் நாவலின் அழகு முழுவதும் இந்தக் கையில்தான் இருக்கிறது. மண்ணைத் தள்ளி நின்று ரசிக்கிற வாக்கியங்கள் இதில் மிகக் குறைவு. வெட்டும்போது, விதைக்கும்போது, பஞ்சத்தில் அள்ளித் தின்னும்போது மட்டுமே மண் வருகிறது.

திக்லிபூரில் இருந்துகொண்டு இதைப் படிப்பது வேறொரு அனுபவம். வடக்கு அந்தமானின் நெல் பூமி இது. 732 மீட்டர் உயர சேடில் பீக் மலைப்பக்கத்திலிருந்து கல்பாங் ஆறு இறங்கி வருகிறது. மே மாதம் தொடங்கும் மழை டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்கிறது. சி-14-8 என்கிற நெட்டை நெல் கிட்டத்தட்ட ஆறு மாதம் வயலில் நிற்கும். பெரியவர்களில் பலர் அதன் சோற்றை இன்னும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அறுவடை முடிந்த வயலில் பயறு தெளிப்பார்கள். ஊர்ப் பெயர்களைக் கேட்டாலே வந்தவர்கள் யார் என்று தெரியும்: சுபாஷ்கிராம், ராமகிருஷ்ணகிராம், கிஷோரிநகர், மதுபூர். தேசப் பிரிவினையில் கிழக்கு வங்கத்து வயல்களை விட்டுவிட்டு வந்த குடும்பங்களுக்கு 1950-களில் அரசாங்கம் காட்டை அழித்து நிலம் கொடுத்தது. குடியேற்றத் திட்டத்தின் தொடக்க காலத்தில் ஒரு குடும்பத்துக்குப் பத்து ஏக்கர். பாதி வயல், பாதி மேட்டு நிலம். சோட்டா நாக்பூரிலிருந்து காடு வெட்ட வந்தவர்களை இங்கே ‘ராஞ்சி’ என்றே சொல்வார்கள். தமிழர்களும் தெலுங்கர்களும் கடைக்காகவும் வேலைக்காகவும் வந்து சேர்ந்தார்கள்.

வாங் லுங்கும் மனைவி ஓ-லானும் சேர்ந்து வயல் கொத்துகிற ஒரு இடம் நாவலில் உண்டு. மண்வெட்டியில் அவ்வப்போது ஒரு செங்கல் துண்டு, ஒரு மரச் சில்லு தட்டுப்படும். எப்போதோ அங்கே வீடுகள் இருந்திருக்கின்றன, மனிதர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள், எல்லாம் மண்ணாகிவிட்டது. இருவரும் பேசுவதில்லை. பக் எழுதிய மிகச் சிறந்த பத்தி அதுதான் என்பேன். நூற்றாண்டுகளின் விவசாயத்தை ஒரு செங்கல் துண்டு சொல்லிவிடுகிறது. திக்லிபூரில் முதல் தலைமுறை கொத்தியபோது செங்கல் தட்டுப்படவில்லை, தட்டுப்பட்டவை வேர்க்கட்டைகள். ஆனால் அது ஆளில்லாத காடும் அல்ல. ‘கிரேட் அந்தமானிஸ்’ எனப்படும் பழங்குடிகளில் ஜேரு, போ போன்ற குழுக்கள் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த கரைகள் அவை. நோயாலும் காலனி ஆட்சியாலும் அவர்கள் அழிந்து, மிஞ்சியவர்கள் ஸ்ட்ரெய்ட் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். போ மொழி பேசிய கடைசி மனுஷி 2010-இல் இறந்துபோனார். செங்கல் வைத்துக் கட்டாதவர்களின் வாழ்வு மண்வெட்டியில் தட்டுப்படாது. அந்தப் பத்தியைப் படிக்கும்போதெல்லாம் இந்த நினைப்பு எனக்குக் கூடவே வருகிறது.

இனி ஓ-லான். பத்து வயதில் ஒரு பஞ்ச காலத்தில் ஹுவாங் என்கிற பணக்காரக் குடும்பத்தின் மாளிகைக்கு அடிமையாக விற்கப்பட்டவள். அழகில்லாதவள், அதிகம் பேசாதவள். பக் அவள் மனசுக்குள் நுழைவதே இல்லை; கதை வாங் லுங்கின் தோளில் ஏறித்தான் போகிறது. ஆனாலும் நாவலை மூடிவைத்த பிறகு மனசில் நிற்பவள் அவள்தான். அது எப்படி முடிகிறது என்பதற்கு இரண்டு இடங்களைக் காட்டலாம்.

முதலாவது, கல்யாணத்தன்று அவளைக் கூட்டிக்கொண்டு வரும் வழியில். வயலோரச் சின்னக் கோயிலில் மண்ணால் செய்த நிலத்துச் சாமிகள், ஆணும் பெண்ணுமாக. வாங் லுங் ஊதுபத்தி கொளுத்தி வைக்கிறான். இருவரும் நின்று பார்க்கிறார்கள். பத்தியின் நுனியில் சாம்பல் கனத்துத் தொங்கும்போது அவள் குனிந்து ஆள்காட்டி விரலால் அதைத் தட்டிவிடுகிறாள். உடனே, தப்புச் செய்துவிட்டோமோ என்று அவன் முகத்தைப் பார்க்கிறாள். அவனுக்கு அது பிடித்திருக்கிறது. பத்தி இருவருக்கும் பொதுவாகிவிட்டது போல ஒரு நிறைவு. அவர்களுடைய கல்யாணம் அந்த விரல் அசைவில் நடந்து முடிந்துவிடுகிறது. வேறு சடங்கை நாவல் காட்டவில்லை, தேவையும் இல்லை.

இரண்டாவது, முத்துகள். பஞ்சத்தில் தெற்கு நகரத்துக்கு ஓடிப்போய், அவன் ரிக்ஷா இழுத்து, அவளும் பிள்ளைகளும் பிச்சை எடுத்துப் பிழைக்கிறார்கள். கலகத்தில் ஒரு பணக்காரன் மாளிகை சூறையாடப்பட்டபோது அவனுக்குத் தங்கமும் அவளுக்கு ஒரு பொட்டலம் நகைக்கற்களும் கிடைக்கின்றன. அடிமையாக இருந்தவளுக்குப் பணக்கார வீட்டுச் சுவரில் எந்தக் கல் அசையும் என்று தெரியும். அந்தக் கற்களைக் கொடுத்துத்தான் ஹுவாங் குடும்பத்து நிலம் வாங்கப்படுகிறது. அவள் தனக்கென்று கேட்பது இரண்டே இரண்டு சின்ன முத்துகள். போட்டுக்கொள்வதற்கு அல்ல, எப்போதாவது கையில் வைத்துப் பார்ப்பதற்கு. ஆயுளில் அவள் வாய்திறந்து கேட்ட ஆசை ஏறக்குறைய அது ஒன்றுதான்.

பிற்பாடு வாங் லுங் பணக்காரனாகிறான். தேநீர்க் கடையில் பார்த்த தாமரை என்பவள் மேல் பித்தாகி, முத்துகளைத் திருப்பிக் கேட்கிறான். ஓ-லான் அப்போது குளத்தங்கரையில் துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள். ஈரக் கையை மார்புக்குள் விட்டுச் சின்னப் பொட்டலத்தை எடுத்துக் கொடுக்கிறாள். அவன் போகிறான். அவள் மறுபடி துவைக்கிறாள். கண்ணீர் வழிகிறது, துடைக்கவில்லை. கட்டையால் துணியை விடாமல் அடித்துக்கொண்டேயிருக்கிறாள். அவ்வளவுதான். துக்கத்தை விளக்குகிற ஒரு வரி சேர்த்திருந்தாலும் அந்த இடம் சரிந்துபோயிருக்கும். ஆசிரியர் தன் கதாபாத்திரத்தின் மௌனத்துக்குக் கொடுத்த மரியாதை அது.

இந்த மரியாதையை அவர் எங்கே கற்றார் என்று யோசித்தால் அவர் வாழ்க்கை ஓரளவு பதில் சொல்லும். பிறந்தது 1892-இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில். வளர்ந்தது மிஷனரி பெற்றோரோடு யாங்சி கரையில் ஜென்ஜியாங்கில். 1917-இல் மணந்துகொண்ட ஜான் லாசிங் பக் விவசாயப் பொருளாதார அறிஞர். வட அன்ஹுய் கிராமங்களுக்கு அவர் போகும்போது இவரும் போய்ப் பெண்களோடு உட்கார்ந்து பேசினார். கணவரின் பெரிய ஆய்வு 1937-இல் வந்தது: 168 வட்டாரங்கள், 16,786 பண்ணைகள். சீன விவசாயத்தைப் பற்றி அதற்கு முன் அப்படியொரு கணக்கெடுப்பு இல்லை. ஆனாலும் மண் தின்ற குடும்பம் எப்படி எழுந்து நடந்தது என்று அறிய ஆசைப்படுகிறவன் மனைவியின் நாவலுக்குத்தான் வருவான். பேர்ல் பக்கின் மகள் கேரல் மனவளர்ச்சி குன்றிய குழந்தை. வாங் லுங்கின் மூத்த மகள் வெயிலில் உட்கார்ந்து ஒரு துணித் துண்டை முறுக்கிக்கொண்டே சிரிப்பாளே, அவளைப் பற்றிய வரிகளில் மட்டும் நடை இளகுவதற்குக் காரணம் அங்கே இருக்கிறது.

நாவலுக்கு 1932-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது, ஆசிரியருக்கு 1938-இல் நோபல். சீனாவில் வரவேற்பு அப்படி இருக்கவில்லை. எழுத்தாளர் லூ ஷுன் போன்றவர்கள், சீனாவை சீனர்களே எழுதினால்தான் உண்மை வெளிப்படும் என்று கருதினார்கள். நிலவுடைமையின் கொடுமைக்கு வேர் எங்கே இருக்கிறது என்று இந்த நாவல் தேடவில்லை என்பது நியாயமான குறைதான். பின்பாதி தொய்கிறது என்பது என் சொந்தக் குறை: தாமரையின் அறை, மாளிகைச் சச்சரவுகள், மருமகள்களின் பிணக்கு என்று கை மண்ணிலிருந்து விலகியதும் எழுத்தும் பிடி தளர்ந்துவிடுகிறது. ஆனால் விவசாயியின் உடம்பை இவ்வளவு கிட்டத்திலிருந்து எழுதிய இன்னொரு நாவல் அந்தக் காலத்து ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

தமிழில் இதன் பக்கத்தில் வைக்க எனக்குத் தோன்றுவது ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’. 1942-இல் வந்தது. கொங்கு நாட்டு விதவை ஒருத்தி கணவன் வழி நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். அந்தக் கேள்வி கொலையில் போய் முடிகிறது. ஓ-லான் இரண்டு முத்துகளோடு நிறுத்திக்கொண்ட இடத்தில் நாகம்மாள் நிலத்தையே கேட்டாள். வாங் லுங் வாங்கிய நிலமெல்லாம் ஓ-லான் எடுத்துவந்த கற்களால் வந்தது என்பதை மனசில் வைத்துக்கொண்டு இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், ஒன்று மற்றொன்றின் கதவைத் திறந்துவிடும்.

வாங் லுங்குக்கு ஒரு அசைக்கமுடியாத நம்பிக்கை உண்டு. பஞ்சத்தில் பக்கத்து வீட்டார் புகுந்து கடைசிப் பிடித் தானியத்தையும் எடுத்துப் போனபோது அவனைத் தாங்கியது அதுதான்: வெள்ளியாக வைத்திருந்தால் பறித்திருப்பார்கள், நிலமாக மாற்றிவிட்டேன், அதை யாரால் தூக்கிக்கொண்டு போக முடியும்? கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதற்குப் பதில் தெரியும். ஒரு எல்லைக்கோடு தூக்கிக்கொண்டு போய்விட்டது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அந்தமானில் எல்லோருக்குமே தெரியும். நிலநடுக்கத்தில் வடக்கு அந்தமான் கரை மேலே எழும்பிப் பவளப் பாறைகள் தண்ணீருக்கு வெளியே வந்து செத்தன. தெற்கு அந்தமான் தாழ்ந்து, விளைந்துகொண்டிருந்த வயல்களில் கடல் ஏறி நின்றுவிட்டது.

அதனால் வாங் லுங்கின் நம்பிக்கை பொய் என்று இங்கே யாரும் சொல்லமாட்டார்கள். உப்பேறிய வயலையும் மறுபடி உழுது பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பக்கும் அந்த நம்பிக்கையைக் கேலி செய்யவில்லை. அதன் எல்லையை மட்டும் அறிந்திருந்தார். கடைசிக் காட்சியில் மகன்கள் இருவர் நிலத்தை விற்பது பற்றிப் பேசுவது கிழவனாகிவிட்ட வாங் லுங்கின் காதில் விழுகிறது. ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு அழுகிறான். இருவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்து, விற்கவே மாட்டோம் என்று சத்தியம் செய்கிறார்கள். அவன் தலைக்கு மேலே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். பஞ்சத்தாலும் வெள்ளத்தாலும் வெட்டுக்கிளியாலும் முடியாததை அந்தச் சிரிப்பு செய்துவிடும் என்று தெரிகிறது.

என்ன ஆயிற்று என்று அறிய 1932-இல் வந்த ‘சன்ஸ்’ நாவலுக்குப் போகலாம். மூத்தவன் செலவுக்காக நிலத்தை விற்கத் தொடங்குகிறான், மூன்றாமவன் யுத்தப் பிரபுவாகிறான். எழுத்து முதல் நாவல் அளவுக்கு இல்லை. 1935-இல் வந்த மூன்றாவது பாகம் ‘எ ஹவுஸ் டிவைடட்’ இன்னும் சுமார். ஆனால் அதில் பேரன் யுவான் கடல் கடந்து அமெரிக்கா போய் எடுத்துப் படிப்பது விவசாயம். அதற்காகவே மூன்றையும் வரிசையாகப் படிக்கலாம்.