இரைச்சல் என்று ஒதுக்கிய உடல்

என் அக்காவுக்கு லூபஸ் என்று கண்டுபிடிக்க நான்கு ஆண்டுகள் ஆயின. மூட்டுவலி, விடாத களைப்பு, வெயில் பட்டால் முகமெல்லாம் சிவப்பு. அதுவரை பார்த்த மருத்துவர் ஒருவர், "மனசைப் போட்டு அலட்டிக்காதீங்கம்மா" என்று அனுப்பிவைத்தார். வீட்டில் அதற்குச் சோம்பல் என்று பெயர்.

தன்னுடல் தாக்குநோய் உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள். லூபஸில் பத்தில் ஒன்பது பேர். ஏன் என்ற கேள்விக்கு 2024 பிப்ரவரியில் 'செல்' இதழில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஹோவர்டு சாங் குழு ஒரு விடையை முன்வைத்தது. பெண்ணின் செல்லில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு. அவற்றுள் ஒன்றை 'ஸிஸ்ட்' என்னும் ஆர்.என்.ஏ. செயல்படாமல் அடக்குகிறது. ஸிஸ்ட்டும் அதனோடு சேரும் புரதங்களும் கொண்ட கூட்டை நோயெதிர்ப்பு மண்டலம் அயலாகக் கருதித் தாக்கலாம். ஸிஸ்ட் சுரக்கும்படி மாற்றப்பட்ட ஆண் எலிகளுக்கு வேதிப்பொருளால் நோயைத் தூண்டியபோது, பெண் எலிகளை ஒத்த அளவில் லூபஸ் போன்ற நோய் வந்தது.

இந்தக் கேள்விக்கு இத்தனை தாமதம் ஏன்? 2011இல் அன்னலீஸ் பீரியும் இர்விங் ஸக்கரும் விலங்காய்வுகளைக் கணக்கெடுத்தார்கள். நரம்பியலில் பெண் விலங்குகளை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு ஒன்றுக்கு, ஆண் விலங்குகளை மட்டும் வைத்துச் செய்தவை 5.5. பெண் எலியின் ஹார்மோன் சுழற்சி முடிவுகளைக் குழப்பிவிடும் என்பதே சொல்லப்பட்டுவந்த காரணம். தரவில் வரும் வேண்டாத ஏற்றத்தாழ்வை ஆய்வாளர்கள் இரைச்சல் என்பார்கள். 2014இல் 293 கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெண் எலிகளின் முடிவுகள் ஆண் எலிகளுடையதைவிடக் கூடுதலாக மாறுபடவில்லை என்று தெரிந்தது. சோதித்தே பார்க்காத ஓர் எண்ணம் ஆய்வுமுறையாக நடமாடியிருக்கிறது. அதன் விலையைப் பெண்கள் கொடுத்தார்கள். ஸோல்பிடெம் என்னும் தூக்க மாத்திரைக்கு அமெரிக்காவில் 1992இல் அனுமதி கிடைத்தது. பெண்களின் உடலில் அது மெதுவாகவே வெளியேறுகிறது என்று சொல்லி, அவர்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5ஆகக் குறைத்தது 2013இல்தான்.

புதிய ஆய்வையும் கவனமாக வாசிக்க வேண்டும். 'பெண்ணாகப் பிறந்ததே நோய்க்குக் காரணம்' என்று அதைச் சுருக்குவது எளிது. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. மரபுச்சாய்வும் வெளித்தூண்டலும் இல்லாமல் ஸிஸ்ட் மட்டும் நோயைக் கொண்டுவரவில்லை. தூண்டப்பட்ட பெண் எலிகளிலும் எல்லாவற்றுக்கும் நோய் வரவில்லை. இந்த நிபந்தனைகளை விட்டுவிட்டால், முன்பு மனசின் மேல் போட்ட பழியை இப்போது மரபணுவின் மேல் போட்டவர்களாவோம்.

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "அப்போ, நான் சோம்பேறி இல்லேன்னு எலி வந்து சொல்லணுமாடி?" என்றாள்.